குழந்தைகள் மனநலத்துக்காகப் பெண்கள் சேர்ந்து நிதி திரட்டினோம்: காரைக்குடிப் பக்கம் நாங்கள் பட்டதும் தெரிந்துகொண்டதும்

பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீட்டின் இரண்டாங்கட்டில் ஓர் அறை ஒன்றரை வருடம் பூட்டியே கிடந்தது. உள்ளே மணல் தொட்டி, தொங்கு ஊஞ்சல், மரப் புதிர்கள், பெரிய கண்ணாடி, குழந்தைகள் உயரத்துக்கு மேசை நாற்காலி, ஏசி. எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். பதினொரு ஆச்சிமார் கொடுத்த பணம். அந்த அறைக்கு மொத்தம் ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். அதில் நான்கு பேர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். குழந்தைகள் மனநலத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று 2021 ஆவணியில் தொடங்கி, எது பலன் தரும் என்று புரிவதற்கு எங்களுக்கு மூன்று வருடமும் மூன்று லட்சத்துக்கு மேல் பணமும் ஆனது. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்த அறை. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு மெழுகிய சுவர், கண்ணாடி மாதிரி இருக்கும். தரை ஆத்தங்குடிக் கல். மேலே பதினான்கு அடிக்குக் குறையாத கூரை. ஒரு கரண்டி விழுந்தாலும் ஓசை நாலு பக்கமும் மோதித் திரும்பி வரும். பழகிய நமக்கு அது தெரியாது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு ஓசை தாங்காது. ஃபேன் சத்தமே ஊசி குத்துவது போல இருக்கும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் நாளே சொன்னார்: "இந்த அறையில 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் பிள்ளைக்குக் கேக்காதுங்க ஆச்சி." கனமான சமுக்காளம் விரித்தோம், பழைய பட்டு மெத்தைகளைச் சுவரில் சாத்தினோம், திரை போட்டோம். எதிரொலி பாதிதான் குறைந்தது. அறை தேவைப்பட்டால் பத்துக்குப் பத்து, தாழ்ந்த கூரை, ஒரு ஜன்னல், தரையில் பாய், இவை போதும். பழைய வீட்டில்தான் நடத்த வேண்டும் என்றால் முகப்பு, பட்டாலை மாதிரிப் பெரிய இடங்களை விட்டுவிட்டு, சாமான் வைக்கும் சின்ன அறையைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், வாரம் தவறாமல் வந்து உட்காரப்போகிற நிபுணர் யார் என்று முடிவாகாமல் ஒரு பொம்மைகூட வாங்காதீர்கள். எங்களுக்கு அறை இருந்தது, தகுதியான ஆள் இல்லை.

ஏன் அறையில் போய் விழுந்தோம் என்றால், நம் பக்கத்துத் தர்மம் அப்படி. சத்திரம், ஊருணி, வேதபாடசாலை, பள்ளிக்கூடம் என்று கண்ணுக்குத் தெரிவதாகவே கட்டிப் பழகியவர்கள் நாம். கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். பிள்ளையின் மனசுக்குச் செய்த வைத்தியத்துக்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை. நான் பணம் கேட்டுப் போன வீடுகளில் வந்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அன்னதானத்துக்குன்னா சொல்லு ஆத்தா, இப்பவே தாரேன். இதெல்லாம் சேட்டை, வளர்ந்தா சரியாப் போயிரும்." அப்படிச் சொன்ன ஓர் ஆச்சியை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர் வீட்டிலேயே ஒரு பேரன் நான்கு வயதாகியும் பேசவில்லை. "அவங்க அப்பச்சியும் லேட்டாத்தான் பேசுனாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிச் சொல்பவர்களிடம் பேச எனக்கு உதவிய இரண்டு தகவல்கள். மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நூறு பேர் படிக்கும் இடத்தில் ஏழு பேர் என்று சொன்னால் ஆச்சிமார் தங்கள் பள்ளி வகுப்பை நினைத்துப் பார்க்கிறார்கள். இன்னொன்றும் சொல்வேன். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டித்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைதான். புற்றுநோயும் அப்போது வெளியே சொல்லக் கூசிய நோய். மனநலத்தில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில், மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். பெண்கள் முன்வந்தால் பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு இவர்கள் இருவரையும் சொன்னால் போதும்.

அடுத்து, பணம் எங்கே போட்டு வைப்பது. முதல் ஏழு மாதம் என் பெயரிலும் இன்னொருவர் பெயரிலும் இருந்த கூட்டு சேமிப்புக் கணக்கில் போட்டோம். இது பெரிய தப்பு. வந்த தொகை எங்கள் சொந்த வரவு போல வருமான வரியில் தெரிந்தது. கொடுத்தவர்களுக்கு ரசீது தர முடியவில்லை. பெரிய தொகை தர இருந்த இரண்டு பேர் "80ஜி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு அது. அதன் பிறகுதான் டிரஸ்ட். டிரஸ்ட் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு டிரஸ்ட் பெயரில் பான், வங்கிக் கணக்கு, அப்புறம் டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி பதிவு, 80ஜி பதிவு. சங்கமாகப் பதிவதானால் தமிழ்நாடு 1975 சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். எங்களுக்கு டிரஸ்ட் எளிதாக இருந்தது.

பத்திரத்தில் நாங்கள் சறுக்கிய மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நோக்கம். "குழந்தைகளுக்கு மருத்துவ உதவி" என்று மட்டும் எழுதினோம். பிறகு பஸ் செலவு, தாயின் கூலி இழப்பு, பரிசோதனைக் கட்டணம், பெற்றோர் பயிற்சி என்று கொடுக்கத் தொடங்கியபோது, இதெல்லாம் நோக்கத்தில் இல்லையே என்று ஆடிட்டர் கேட்டார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இரண்டு, டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்ற வரியும், கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு டிரஸ்டுக்குத்தான் போகும் என்ற வரியும் இல்லாமல் போனது. வரித்துறை அதைத்தான் முதலில் பார்க்கும். திருத்தப் பத்திரம், ஆடிட்டர் கட்டணம், அலைச்சல் எல்லாம் சேர்ந்து 22,000 ரூபாய். மூன்று, முகவரி. வளவு வீட்டு முகவரியைக் கொடுத்தோம். வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் கேட்டார்கள். அந்த வீடு ஏழு பங்கு. ஒரு பங்காளி பினாங்கில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. இரண்டரை மாதம் கையெழுத்துக்கு அலைந்துவிட்டு, கடைசியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து அந்த முகவரியைப் போட்டோம். பொதுவில் உள்ள வீட்டை டிரஸ்ட் முகவரியாக வைக்கவே வைக்காதீர்கள்.

80ஜி கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை; பாங்க் வழியாகத்தான் வர வேண்டும். கொடுத்தவர்களின் பான் எண்ணோடு வருடாவருடம் மே 31-க்குள் 10பிடி படிவம் போட்டால்தான் அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் வரும். முதலில் கிடைப்பது மூன்று வருடத் தற்காலிகப் பதிவு. அது முடிய ஆறு மாதம் இருக்கும்போது, அல்லது பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், எது முந்தியதோ அதற்குள், நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த "எது முந்தியதோ" என்ற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வந்த வருமானத்தில் 85 சதவீதம் அந்த வருடமே செலவாக வேண்டும், அதில் செலவாகாததைச் சேர்த்து வைக்கத் தனிப் படிவம் உண்டு. இதெல்லாம் நாங்கள் பதிந்தபோது இருந்த 1961-ம் வருடச் சட்டத்தின் கணக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணையும் படிவத்தையும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஆள் உண்டு. 2022-ல் மலேசியாவிலிருந்து ஒரு ஆச்சி மூன்று லட்சம் அனுப்பினார்கள். அறிவிப்பு வந்ததும் நாங்கள் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைத்தோம். மறுவாரம் வங்கி அதை வரவு வைக்காமல் நிறுத்தி, வெளிநாட்டு நிதிச் சட்டப் பதிவு எண் கேட்டது. இல்லை என்றதும் பணம் திரும்பிப் போனது. பரிமாற்றத்திலும் கட்டணத்திலும் அந்த ஆச்சிக்கு ஒன்பதாயிரம் நஷ்டம், எனக்கு அவர் முகத்தில் விழிக்க முடியாத வெட்கம். விதி இதுதான்: எங்கே இருக்கிறார் என்பது கணக்கில்லை, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் வெளிநாட்டவர்தான். பதிவு பெற மூன்று வருடம் நடந்த டிரஸ்டாக இருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கு மட்டும்தான் வர வேண்டும். "உறவுக்காரர் கணக்கில் போட்டு மாற்றிக்கலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த நேர்வழி: அப்படிப்பட்டவர்களை, ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் ஒரு மனநல நிறுவனத்துக்கே நேராகக் கொடுக்கச் சொன்னோம். அவர்கள் அதை எங்களுக்கு மாற்றித் தர முடியாது, தாங்களே பிள்ளைகளுக்குச் செலவழிக்கலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போகும்போது பரிசோதனைக் கட்டணம் அந்த நிதியிலிருந்து போகிறது.

எங்களுக்கு மிகுந்த செலவு வைத்தது ஆள் தேர்வு. அறை இருக்கிறதே என்று ஒரு கவுன்சலரை மாதம் 15,000 ரூபாய்க்கு அமர்த்தினோம். எட்டு மாதம், 1,20,000 ரூபாய். ஆறு மாத டிப்ளமோ படித்தவர். மனசு நல்லவர், பிள்ளைகளிடம் அன்பாக இருந்தார். ஆனால் அவர் எழுதித் தந்த ஐக்யூ அறிக்கையை எடுத்துக்கொண்டு ஒரு தாய் மாற்றுத்திறனாளிச் சான்றுக்குப் போனபோது, மருத்துவக் குழு அதை ஓரமாக வைத்துவிட்டது. அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனவர். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அந்தக் காகிதத்தை மடித்து மடித்து ஒரு பொட்டலமாக்கிவிட்டார். நம் நாட்டில் "கவுன்சலர்" என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்சிஐ-யில், பதிவு இருக்க வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் அதே. அவர்களுடைய ஆர்சிஐ பதிவு எண்ணான சிஆர்ஆர் எண் கேளுங்கள், ஆர்சிஐ இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பெயர், படிப்பு, செல்லுபடித் தேதி மூன்றையும் பாருங்கள். அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆர்சிஐ-யில் வரமாட்டார். அவருடைய பட்டச் சான்றைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு எந்தச் சோதனை வைக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். அறிவுத்திறனுக்கு பினே-காமத், சமூக வளர்ச்சிக்கு வைன்லேண்ட் அளவுகோல், ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் உள்ள ஐஎஸ்ஏஏ என்று பெயர் சொல்லத் தெரிந்தவரிடம் அடுத்த பேச்சைப் பேசுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன்னால் சான்று கிடைக்காது. அதற்கு முன் "டிஸ்லெக்ஸியா உறுதி" என்று சொல்லி யாராவது காசு வாங்கினால் யோசியுங்கள்.

அடுத்த தப்பு முகாம். இரண்டு பள்ளிகளில் பிள்ளையின் நடத்தை, உணர்ச்சி பற்றி 25 கேள்விகள் உள்ள எஸ்டிகியூ படிவம் கொடுத்து 380 பிள்ளைகளைப் பார்த்தோம். ஒரே நாளில் நடந்த விமரிசையான காரியம், பேனர், மோர், வடை எல்லாம் உண்டு. 50 பேருக்கு மேல் "பார்க்க வேண்டும்" என்று வந்தது. அவர்களை எங்கே அனுப்புவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அதற்குள் ஒரு வகுப்பில் பட்டியலை வாய்விட்டுப் படித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வைத்த பட்டப்பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். படிவத்தில் கூடுதல் மதிப்பெண் வந்தால் நோய் என்று அர்த்தம் இல்லை. யாரை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று பிரிக்க மட்டும்தான் அது. இப்போது எங்கள் கணக்கு இப்படி: அடுத்த மூன்று மாதத்தில் பத்துப் பேரை மருத்துவரிடம் கூட்டிப்போகப் பணமும் ஆளும் இருந்தால், எழுபது பிள்ளைகளுக்கு மேல் படிவம் கொடுப்பதில்லை. முடிவு பெற்றோர் கைக்கு மட்டும், தனித்தனியாக, வாய்மொழியாக.

போட்டோ விஷயம். இதைச் சொல்ல எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. முதல் வருடம் பணம் தந்த ஒருவர், தான் காசோலை கொடுப்பது போல ஒரு பிள்ளையோடும் தாயோடும் படம் எடுக்கக் கேட்டார். நானும் நிற்கச் சொன்னேன். படம் ஒரு விழா மலரில் அச்சாகி ஊரெல்லாம் போனது. அந்தப் பிள்ளையின் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசி முடிக்கப் போன இடம் பின்வாங்கியது. தாய் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வைத்தியத்தில் நன்றாகத் தேறிக்கொண்டிருந்த பையன், மாத்திரையும் நின்றுபோனது. அதற்குக் காரணம் நான்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரைப் பற்றிய தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சட்டம் தெரிந்துதானா இதைச் செய்யாமல் இருந்திருக்க வேண்டும்? இப்போது நோட்டில் பெயர் கிடையாது, எண்தான். பெயரும் எண்ணும் சேர்ந்த ஒரே தாள் ஒருவர் வீட்டுப் பீரோவில். கொடுத்தவர்களுக்கு வருடம் ஒரு கடிதம்: இத்தனை பிள்ளைகள், இத்தனை பயணம், இத்தனை பரிசோதனை, இவ்வளவு ரூபாய். ஊர்ப் பெயர்கூட எழுதுவதில்லை. சின்ன ஊரில் "எட்டு வயதுப் பையன், அப்பா டிரைவர்" என்றாலே போதும், ஆள் தெரிந்துவிடும். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நேராகவே முடியாது என்று சொல்கிறோம். இரண்டு பேர் அதனால் விலகினார்கள், போகட்டும்.

சரி, எது பலித்தது? பஸ் காசும், கூடப் போகும் ஆளும். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர், மருந்து, சான்று எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்க, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு தேசிய அளவில் 2013 முதல் உண்டு. காரைக்குடியிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், இல்லாவிட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு. எங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் முதல் தடவை எல்லோரும் போயிருந்தார்கள். இரண்டாவது தடவை பாதிப்பேர். நான்காவதுக்கு விரல் விட்டு எண்ணலாம். காரணம் கேட்டால், ஒரு நாள் போனால் தாய்க்கு 400, 500 கூலி போகிறது. மூன்று மணி நேர வரிசையில் பிள்ளை கத்துகிறான், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெண்களுக்கு இலவசம் என்பது நகரப் பேருந்துக்குத்தான், வெளியூர் பஸ்ஸுக்கு இல்லை. ஆக ஒரு பயணத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் தொகை: போகவரப் பஸ், மதியச் சாப்பாடு, டீ சேர்த்து 500 முதல் 700 வரை, தாயின் கூலிக்கு 400. ஒரு பிள்ளைக்கு வருடம் பன்னிரண்டு பயணம் என்றால் 13,200 ரூபாய்க்குள் அடங்கிவிடும். பூட்டிக் கிடந்த அறைக்குக் கொட்டிய பணத்தில் பதினான்கு பிள்ளைகளை ஒரு வருடம் முழுக்கக் கூட்டிப் போயிருக்கலாம். கூலியைத் தாயின் வங்கிக் கணக்கில், பயணத்துக்கு முந்தின நாளே போட்டுவிட வேண்டும். பிறகு தருகிறோம் என்றால் வரமாட்டார்கள், வர முடியாது.

பணம் வருவதும் இதற்கேற்ப மாறியது. வருடத்துக்கு ஒருமுறை பெரிய தொகை வந்தால் தை மாதம் நிறைவாகவும் ஐப்பசியில் வெறுமையாகவும் இருக்கும். சிகிச்சை அப்படி நின்று நின்று நடக்க முடியாது. கடைக்காரர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி. மாதம் 100, 200, 500 என்று வங்கியிலிருந்து தானாகப் போகும்படி 64 பெண்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருமகள்களும் சம்பளம் வாங்கும் பெண்பிள்ளைகளும் இதில் எளிதாகச் சேர்கிறார்கள், யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சான்று வாங்கும் வேலையையும் இந்தப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் நான்கும் உண்டு. மாற்றுத்திறனாளிக்கான யூடிஐடி அடையாள அட்டை கைக்கு வந்தால் உதவித்தொகை, பஸ், ரயில் சலுகை, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று கதவுகள் திறக்கும். பொதுத்தேர்வுச் சலுகைக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மார்கழியில் ஓடினால் நடக்காது, ஆடியிலேயே தொடங்குங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீடு வருடம் ஒரு லட்சம் வரை, பயிற்சிச் செலவையும் சேர்த்துத் தருகிறது. பதிவுக்கு சில நூறு ரூபாய்தான், வருடாவருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் படுத்துச் சிகிச்சை பெற்றால்தான் தரும். வெளிநோயாளியாகப் போகும் பயிற்சிக்குக் கைக்காசுதான்.

மருந்தை டிரஸ்ட் வாங்கி வைக்க ஆசைப்படாதீர்கள். கவனக்குறைவு, மிகைச்செயல் உள்ள ஒரு பிள்ளைக்கு மெத்தில்பெனிடேட் எழுதித் தந்தார்கள். காரைக்குடியில் ஏழு கடை ஏறி இறங்கினோம். அது கட்டுப்பாட்டு மருந்து, தனி உரிமம் உள்ள கடைதான் விற்கலாம், சீட்டும் இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். ஆகவே எழுதும்போதே "எங்கே கிடைக்கும், இல்லாவிட்டால் மாற்று என்ன" என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். அந்த மாத்திரை அன்றன்றே வேலை செய்யும், பசியைக் குறைக்கும். அதனால் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்வார்கள். மனச்சோர்வுக்கான ஃப்ளூவோக்ஸெட்டின் போன்றவை நேர்மாறு: பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். வலிப்புக்கும் சேர்த்து வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளைக்குத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கூடப் போகும் ஆள் இந்த மூன்றையும் தெரிந்து வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. அளவைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் டாக்டர் வாயால் மட்டும்.

ஒன்று மட்டும் எந்த மழுப்பலும் இல்லாமல். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஆச்சியிடம் பிள்ளைகள் மனம் திறக்கும். தனக்கு யாரோ செய்த பாலியல் கொடுமையை ஒரு பிள்ளை சொன்னால், குழந்தைகளை அதிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கேட்டவரின் கடமை. "குடும்ப மானம், நாமே பேசி முடிப்போம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள், எங்களிடமும் சொன்னார்கள். பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், அது சொன்ன வார்த்தையை அப்படியே தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு போலீஸுக்குச் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். ராத்திரி நேரத்தில் பிள்ளை உயிரை விடும் பேச்சுப் பேசினால் அரசின் மனநல உதவி எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் இந்த இரண்டு எண்களையும் எங்கள் 64 பேரும் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைப்போம்.

கூடப் போக இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள், ஐம்பத்தைந்து அறுபது வயதுப் பெண்கள். ஒரு பயணத்துக்கு ஒருவர். அவருடைய முக்கிய வேலை ஓபி சீட்டுக்கும் வரிசைக்கும் தான் நிற்பது. தாயும் பிள்ளையும் வெளியே மரத்தடியில் இருப்பார்கள், முறை வரும்போது போன் போகும். அவர் கொண்டுபோகும் துணிப்பையில் இருப்பது: பழைய சீட்டுகள் தேதி வாரியாக அடுக்கிய ஃபைல், காலியான மாத்திரை அட்டை (டாக்டர் பெயர் கேட்டால் அதைக் காட்ட), கடந்த மாதம் தூக்கம், சாப்பாடு, கோபம் எப்படி என்று தாய் சொல்லி எழுதிய ஒரு பக்கம், டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்வி, தண்ணீர், சீடை முறுக்கு ஒரு டப்பா, மாற்று உடை, ஒரு துண்டு, காதுக்குப் பஞ்சு. பிள்ளைக்கு ஜன்னல் ஓரம், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை. பின் சீட்டில் குலுக்கல் அதிகம். விடிகாலைப் பஸ்ஸில் போனால் கூட்டம் குறைவு. பூட்டிய அறையின் ஊஞ்சலையும் புதிர்களையும் ஒரு சிறப்புப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம். மணல் தொட்டியை மட்டும் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்திருக்கிறேன். விடிகாலைப் பஸ்ஸுக்கு முந்தின இரவே வந்து தங்கும் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள்.